எட்டாம் தொகுதியின் நிறைவு வேட்பாளர்

மெர்ல் டெக்கருக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. ஐம்பத்து நான்கு வயதுக்குள் இந்தக் குறையால் அவர் அடுத்த வீட்டுக்காரர் விட்டுப்போன இரண்டு நாய்களுக்கும், மாமனாரின் ஓட்டைப் படகுக்கும், தேவாலயக் கூரைக் குழுவின் தலைமைக்கும் சொந்தக்காரர் ஆகியிருந்தார். வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு வேட்பாளர் ஆனதும் இதே வழியில்தான்.

ஹோல்டன் ஊர் பௌலிங் கூடத்தில் அவருக்கு வேலை. பந்து உருண்டு வந்து கட்டைகளைச் சாய்த்ததும் அவற்றைப் பொறுக்கி நிமிர்த்தி வைக்கும் பழைய இயந்திரங்கள் பன்னிரண்டு அங்கே இருந்தன. பன்னிரண்டின் நோய்நொடியும் அவருக்கு அத்துப்படி. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஏழாவது இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மெர்ல் டெக்கர்தானே? நான் ப்ரெண்ட் ஹாலிஸ்டர். கட்சியோட மாநில அலுவலகத்துலேருந்து வரேன். தொகுதி நிர்வாகத் துணை இயக்குநர்."

முப்பது வயதுக்காரர், கையில்லாத பஞ்சுக் கோட்டு, கையில் ஒரு படிவம். விஷயம் இதுதான்: மாநிலத்தில் எட்டுத் தொகுதிகள். ஏழுக்குக் கட்சி ஆள் போட்டாகிவிட்டது. எட்டாவதற்கு ஒப்புக்கொண்டிருந்த பல் மருத்துவர் முந்தின நாள் அரிசோனாவுக்கே குடிபோய்விட்டார். மனுக் கொடுக்க அன்றே கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். மாநிலத் தலைநகரம் இரண்டு மணி நேரப் பயணம். இப்போது மணி இரண்டே கால்.

"எனக்கு அரசியல் தெரியாதுங்க," என்றார் மெர்ல்.

"ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்க யாரும் இந்தத் தொகுதியில நிக்க மாட்டேங்கறாங்க."

"ஏன் என்னைத் தேடி வந்தீங்க?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி கட்சி நடத்தின பான்கேக் விருந்துல பேர் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"பேர் எழுதினாத்தான் ரெண்டாவது தட்டுன்னு சொன்னாங்க."

"அந்தப் பட்டியல்ல ஹோல்டன்ல நீங்க ஒருத்தர்தான் இன்னும் உயிரோட இருக்கீங்க மெர்ல். ஒண்ணும் செய்ய வேண்டாம். பேரை மட்டும் குடுங்க."

மெர்ல் கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பித்தவறி ஜெயிச்சுட்டா?"

ஊசிக்குப் பயப்படும் குழந்தையைப் பார்த்து மருத்துவர் சிரிப்பதுபோல ப்ரெண்ட் சிரித்தார். "அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். அதையெல்லாம் கட்சி பாத்துக்கும்."

படிவத்தில் கிரீஸ் கறையோடு கையெழுத்து விழுந்தது. மாலை, சாப்பாட்டு மேஜையில் மனைவி லொரெட்டாவிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கை மசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எங்க போறதுக்கு நிக்கற?"

"வாஷிங்டனுக்கு."

"போன மாசம் பல்லு பிடுங்கிக்கறதுக்கே என்னைக் கூட வரச் சொன்ன."

"அதான் போக வேண்டியதில்லயாம். நின்னா மட்டும் போதுமாம்."

ஏப்ரலில் தலைநகரத்தில் பயிற்சி முகாம் நடந்தது. சுவர் முழுக்க மாநில வரைபடம், மூன்று நிறத்தில். சாம்பல் நிறத் தொகுதிகள் மூன்றில் எட்டாவது மட்டுமே வரைபடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. சாப்பாட்டு மேஜைகளும் மூன்று. ஜெயிக்கும் தொகுதிக்காரர்கள் மூவருக்கு மாட்டிறைச்சி வறுவல். போராடும் தொகுதிக்காரர்கள் இருவருக்குக் கோழி. மீதி மூவரும் கதவோரம், காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச்சோடு. அந்த மேஜையில் 'நிறைவு வேட்பாளர்கள்' என்று அழகாக அச்சிட்ட அட்டை இருந்தது.

"நிறைவுன்னா என்னங்க?" என்று மெர்ல் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், மூன்றாவது முறையாக நிற்கிறவர்.

"எண்ணிக்கைய நிறைக்கறவங்க. ஊறுகாய் இருக்கு பாரு, எடுத்துக்கோ. இந்த மேஜைக்கு ரெண்டாவது தடவ கொண்டுவர மாட்டாங்க."

மாநிலத் தலைவர் கேத்லின் ஸ்ட்ரௌட் மேடையேறினார். முத்துமாலையும் கனிந்த குரலும் கொண்ட பெண்மணி. "எட்டுக்கு எட்டு! ஒரு தொகுதியையும் நாம கைவிடலங்கறதுதான் நம்ம கட்சியோட பெருமை," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "எங்கே ஜெயிக்க முடியாதோ அங்கேயும் நாம நிக்கறோம். ஏன்? மக்களுக்குத் தேர்ந்தெடுக்கற உரிமை இருக்குன்னு அவங்க நம்பணும். அந்த நம்பிக்கைய நாம குடுக்கணும். அதுக்கு மேல எதையும் குடுத்துக் குழப்பிடக் கூடாது."

பிற்பகல் வகுப்பில் நிறைவு வேட்பாளர்களுக்குத் தோல்வி உரை கற்றுத் தரப்பட்டது. தொண்ணூறு விநாடி. முதலில் எதிராளிக்கு வாழ்த்து, பிறகு குடும்பத்துக்கு நன்றி, பிறகு அமெரிக்காவைப் பற்றி ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் குரல் இலேசாக உடைய வேண்டும். மெர்லுக்கு முதல் முறையே உடைந்தது. நிஜத்தில் அவருக்கு ஆட்களின் முன் பேச நடுக்கம். பயிற்சியாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார். கூடவே, தேர்தல் அன்று கூப்பிட்டு வாழ்த்த வேண்டிய எதிராளியின் தொலைபேசி எண்ணும் தரப்பட்டது.

அந்த எதிராளி ராலண்ட் பிக்ஸ்லி. இருபத்திரண்டு வருடமாக எட்டாம் தொகுதியின் உறுப்பினர். தொகுதிக்குள் அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. வருடா வருடம் வரும் நாள்காட்டியில் பார்த்தவர்கள்தான் எல்லோரும். மே மாதம் அவரிடமிருந்து மெர்லுக்கு ஒரு பன்றித்தொடையும் வாழ்த்துக் கடிதமும் வந்தன. 'உங்களைப் போன்ற எதிரி கிடைத்தது என் பாக்கியம்' என்று எழுதியிருந்தார். அதே வாரம் தொலைக்காட்சியில் அவருடைய விளம்பரம் வந்தது. மங்கலான படத்தில் பௌலிங் சட்டையோடு மெர்ல். பின்னணியில் இடிச் சத்தம். 'அபாயகரமான தீவிரவாதி மெர்ல் டெக்கர்' என்று ஒரு கரகரத்த குரல்.

லொரெட்டா பன்றித்தொடையை நறுக்கியபடியே அதைப் பார்த்தாள். "நீ எப்பய்யா தீவிரவாதி ஆன? குப்பத்தொட்டிய வெளிய வெக்கச் சொன்னா மூணு நாளாவுது."

இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் ஜூலையில், பார்டன் கிரீக் ஊர்ச் சந்தையில் தொடங்கியது.

நிறைவு வேட்பாளருக்கு வருடத்தில் மூன்று பொது நிகழ்ச்சிகளே அனுமதி. அதில் ஒன்று இந்தச் சந்தை. பன்றிக்குட்டிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் மெர்ல் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி நேராக வந்து முன்னால் நின்றாள். வெயிலில் காய்ந்த முகம், தடித்த முன்கைகள்.

"என் பேர் பெர்னடின் ஓக்ஸ். முப்பத்தோரு வருஷமா இங்க பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன். எங்க ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடிட்டாங்க. தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் தெரியும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப தொண்ணூத்திரண்டு மைல் போகணும். என் மக கார்லீனுக்கு ஜனவரில பிரசவம். ஜனவரில இங்க பனி எப்படி இருக்கும்னாவது தெரியுமா?"

"அது தெரியும்."

"பிக்ஸ்லிக்குப் பதினோரு கடிதம் போட்டேன். நாள்காட்டி அனுப்பினார். நீங்க போனா வார்டைத் திறக்க வெப்பீங்களா?"

யார் எது கேட்டாலும் மெர்லின் வாயிலிருந்து என்ன வருமோ அதுதான் வந்தது. "சரிங்க. திறக்க வெக்கறேன்."

பெர்னடின் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அந்தப் பதிலை, தேதியும் நேரமும் போட்டு, எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து மூக்கைச் சிந்தினாள். அம்மா, நான் சும்மா பேருக்கு நிற்கிறவன் என்று மெர்ல் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய வாக்கியம் மிகச் சின்னது. அதற்குள் அவள் எழுந்து போய், பன்றிக்குட்டிக் கொட்டகையிலிருந்து ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு எந்த வீடு எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் தெரியும். கட்சியின் கணிப்பொறியில் இதெல்லாம் கிடையாது. பெர்னடின் மாலை வேளைகளில் தன் பழைய வண்டியில் அதே தடத்தில் வீடு வீடாகப் போனாள். மற்ற ஊர்களின் பஸ் ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொண்டாள். ஆகஸ்டுக்குள் எட்டாம் தொகுதியின் சோளக்காடுகளின் ஓரமெல்லாம், 'மெர்ல் திறப்பார்' என்று கையால் எழுதிய பலகைகள் முளைத்தன. எதைத் திறப்பார் என்று பலகையில் இல்லை. தேவைப்படவில்லை. தொகுதியில் மூடிக்கிடந்தவை நிறைய.

செப்டம்பரில் ஒரு கல்லூரி மாணவர்கள் பாடத்துக்காகக் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். பிக்ஸ்லிக்கு நாற்பத்தேழு, டெக்கருக்கு நாற்பத்து நான்கு. மறுநாள் காலை ப்ரெண்ட் பௌலிங் கூடத்துக்கு வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க மெர்ல்?"

"ஒண்ணும் செய்யலீங்களே."

"ஒண்ணும் செய்யாம யாரும் நாற்பத்து நாலு வாங்க மாட்டாங்க. எட்டுல போட்டின்னு தெரிஞ்சா எதிர்க்கட்சிக்காரன் முழிச்சுப்பான். இங்க ஆளை இறக்குவான். எட்டுக்கும் அஞ்சுக்கும் ஒரே தொலைக்காட்சி, இங்க போடற விளம்பரம் அங்கயும் தெரியும். இங்க முழிச்சவன் அங்கயும் முழிச்சுப்பான். அஞ்சு நாம போராடற தொகுதி. கோழி மேஜை. புரியுதா?"

புரியவில்லை. ப்ரெண்ட் தொலைபேசியில் மாநிலத் தலைவரைப் பிடித்து மெர்லின் கையில் கொடுத்தார். கேத்லின் ஸ்ட்ரௌட்டின் குரல் முன்னைவிடக் கனிந்திருந்தது.

"மெர்ல், உங்க உழைப்ப நான் மதிக்கறேன். ஆனா தோல்விங்கறது கூட்டு முயற்சி. எத்தனையோ பேர் வருஷக்கணக்கா யோசிச்சுப் போட்ட திட்டம். நடுவுல ஒருத்தர் தன்னோட சுயநலத்துக்காக ஜெயிச்சுடக் கூடாது."

"ஆஸ்பத்திரி வார்டு ஒண்ணு இருக்குங்க. பார்டன் கிரீக்ல..."

"அதை நான் அறிவேன். மூடின வார்டு நமக்கு ரொம்ப முக்கியமான பிரச்சினை. மாநிலம் முழுக்க அதை வெச்சுத்தான் பேசறோம். அவசரப்பட்டுத் திறந்துட்டா அப்பறம் எதை வெச்சுப் பேசறது?"

பார்டன் கிரீக் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் அக்டோபர் நடுவில் பெர்னடின் ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடு செய்திருந்தாள். அதற்கு மெர்ல் போகக் கூடாது என்பது கட்சியின் முடிவு. உடம்பு சரியில்லை என்று அறிவிக்க வேண்டும். இதற்கும் ஒரு படிவம் இருந்தது: முதுகுவலி, ஒவ்வாமை, குடும்பக் காரணம், ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும்.

"கட்சிக்கு உங்களவிட்டா வேற யார் மெர்ல்?" என்றார் ப்ரெண்ட்.

"சரி," என்றார் மெர்ல். முதுகுவலியில் குறியிட்டார்.

கூட்டத்துக்கு மறுநாள் மதியம் அவர் வேலைக்குக் கிளம்ப பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. லொரெட்டா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"உன் பஸ்காரம்மா. கையில பாத்திரம்."

மெர்ல் பூட்ஸோடு கட்டிலில் விழுந்து கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டார். லொரெட்டா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

பெர்னடின் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பாத்திரத்தை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். "முன்னூத்திப் பத்து பேர் வந்திருந்தாங்க மெர்ல். யாரும் கோவிச்சுக்கல. உங்களுக்கு நல்லாகணும்னு எல்லாருமா ஜெபம் பண்ணினோம். கார்லீன் வயித்தத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு நின்னா. உக்காருடின்னா கேக்கல."

மெர்ல் கூரையைப் பார்த்தார்.

அவள் போர்வையைக் கால்பக்கம் இழுத்துச் சரிசெய்யப் போனாள். பூட்ஸ் தெரிந்தது.

"பூட்ஸைக் கழட்டக்கூட முடியலயா," என்றாள் பெர்னடின். "இவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருந்திருக்கீங்க."

அவள் தரையில் மண்டியிட்டு, இறுகக் கட்டியிருந்த நாடாக்களை நகத்தால் நெம்பி அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கட்டிலடியில் ஜோடியாக வைத்தாள். பிறகு காலுறையின் ஓட்டை வழியே தெரிந்த அவருடைய கட்டைவிரலைப் போர்வையால் மூடினாள். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டித் திரும்பிப் போனாள்.

லொரெட்டா கதவோரம் நின்றாள். "சாப்பிடறியா?" என்றாள். "சூடா இருக்கு. உனக்காகத்தான் செஞ்சிருக்கா."

அவர் சாப்பிடவில்லை. அன்று முதல் அவருக்கு முதுகு உண்மையிலேயே வலிக்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவும் வழியில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம் அது.

நவம்பர் தேர்தலில் மெர்ல் டெக்கர் இருநூற்றுப் பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ப்ரெண்ட் தொலைபேசியில் ஏறக்குறைய அழுதார். "கச்சிதம் மெர்ல். ஜெயிக்கவும் இல்ல, மானமும் போகல. இதவிட அழகா யாராலயும் தோக்க முடியாது." ஐந்தாம் தொகுதியிலும் கட்சி தோற்றிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, அது திட்டத்தில் இல்லாத தோல்வி என்றும், அதற்குத் தனிக் குழு போட்டிருப்பதாகவும் சொன்னார்.

மெர்ல் தோல்வி உரையைத் தொண்ணூறு விநாடியில் முடித்தார். அமெரிக்காவைப் பற்றிய வாக்கியம் வருவதற்கு முன்பே குரல் உடைந்துவிட்டது.

டிசம்பரில் தலைநகரத்தில் விருந்து. இந்த முறை அவரைக் கோழி மேஜையில் உட்கார வைத்தார்கள். கேத்லின் ஸ்ட்ரௌட் அவருக்கு ஒரு மரக்கேடயம் கொடுத்து, வரும் வருடம் புதிய நிறைவு வேட்பாளர்களுக்கு அவரே பயிற்சி தர வேண்டும் என்று அறிவித்தார். "ஜெயிக்கறவங்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க. சொன்னபடி தோக்கறவங்க கிடைக்க மாட்டாங்க," என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மெர்ல் சரி என்று சொல்லிவிட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி மூன்றாவது வாரம் பெர்னடின் கூப்பிட்டாள். குழந்தை பிறந்துவிட்டது, வந்து பார்க்க வேண்டும். மெர்லும் லொரெட்டாவும் பார்டன் கிரீக்குக்குப் போனார்கள்.

கார்லீன் சோபாவில் குழந்தையோடு படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பெர்னடின் காபி ஊற்றியபடியே நடந்ததைச் சொன்னாள். பனிப்புயல். ஆம்புலன்ஸ் வேறொரு ஊரில். மருமகன் வண்டியை ஓட்ட, அறுபத்தோராவது மைலில், சோளக் கிடங்கு ஒன்றின் வாசலில், வண்டியின் பின் இருக்கையில் பெர்னடினே பிரசவம் பார்த்தாள். இரத்தம் நிற்க நேரமாகிவிட்டது. இன்னும் முப்பத்தோரு மைல் இருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா ஒண்ணு என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு மெர்ல்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "என் பஸ் தடத்துல மட்டும் முன்னூறு பேர் ஓட்டுப் போடப் போகல. உடம்புக்கு முடியாதவர் ஜெயிச்சு என்ன பண்ணுவாருன்னு சொல்லிட்டாங்க. நான் இன்னும் கொஞ்சம் வீடு ஏறியிருக்கணும். முதுகுதானே, சரியாயிடும்னு எடுத்துச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

"இல்ல," என்றார் மெர்ல்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதை லொரெட்டா கேட்டதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க. என் முதுகுக்கு ஒண்ணும் இல்ல அன்னிக்கு. நான் தோக்கறதுக்குன்னே போட்ட ஆள். ஆரம்பத்துலேருந்தே. கூட்டத்துக்குப் போகாதன்னாங்க, சரின்னேன். முதுகுவலின்னு ஒரு கட்டம் இருந்தது. நானே குறி போட்டேன். நீங்க வந்தப்ப வேலைக்குத்தான் கிளம்பிக்கிட்டிருந்தேன்."

பெர்னடின் அவரையே பார்த்தாள். வெளியே பனியைத் தள்ளும் வண்டி ஒன்று தெருவைக் கடந்து போனது.

"சந்தையில நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"என்னைப் பார்த்து சரின்னு சொன்ன."

"சொன்னேன்."

"நான் உன் காலடியில உக்காந்து பூட்ஸ் கழட்டினேன்."

லொரெட்டா எழுந்து தன் கோட்டை எடுத்துக்கொண்டாள். மெர்லும் எழுந்தார். பெர்னடின் திட்டினால் தேவலை என்றிருந்தது, அவள் திட்டவில்லை. சோபாவில் கார்லீன் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள், அவர் பார்வையிலிருந்து மறைப்பதுபோல.

"அம்மா, அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள் கார்லீன்.

"இன்னும் இல்ல."

"என்ன?" என்றார் மெர்ல்.

பெர்னடின் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பொண்ணு. திங்கக்கிழமை பதிவு பண்ணியாச்சு. மெர்ல்னு பேர் வெச்சிருக்கோம்."

அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "மாத்திடுங்க. தயவுசெஞ்சு. ஒரு படிவம் இருக்கும். நானே போய் வாங்கிட்டு வரேன்."

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் பெர்னடின். "பேர் இருக்கட்டும். ஒரு நாள் யாராவது வந்து இவகிட்ட ஏதாவது கேட்டா, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லக் கத்துக்குடுக்கறேன். நீ கிளம்பு. கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் உள்ள வருது."

"சரி," என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மெர்ல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.